வெயில் பக்கத்துச் சன்னல்

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை அருப்புக்கோட்டையிலிருந்து நரிக்குடிக்குப் போகிற பஸ்ஸில் இடப்பக்கம் மூன்றாவது சன்னலோரம்தான் உட்காருவேன். நரிக்குடியில் பதினொரு குடும்பங்கள் உள்ள சிறிய சபை ஒன்று இருக்கிறது. போதகர் எல்லா வாரமும் அங்கே வர முடியாது. அந்த ஒரு ஞாயிறு ஆராதனை நடத்துவது என் பொறுப்பு. மற்ற நாட்களில் நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். காலையில் இடப்பக்கம் வெயில் முகத்திலேயே அடிக்கும். வலப்பக்கம் நிழலில் இடம் காலியாகக் கிடக்கும். ஆனால் திருச்சுழியில் பஸ் நிற்கும்போது இடப்பக்கம் இருந்தால்தான் என் அண்ணனுடைய கடை தெரியும்.

புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் விற்கிற கடை. அப்பா வைத்தது. பஸ் அங்கே நான்கு நிமிடம் நிற்கும், கூட்டம் இருந்தால் ஆறு. பார்த்ததை மாலையில் டைரியில் எழுதுவேன். 'அண்ணன் கடையில் இருந்தார். கண்ணாடி மாற்றியிருக்கிறார்.' 'அண்ணன் இல்லை. அண்ணி இருந்தார்.' 'அண்ணன் இடது காலைத் தாங்கி நடக்கிறார்.' பன்னிரண்டு ஆண்டுகளாக அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் இந்தச் சன்னல் வழியாகத் தெரிந்ததுதான்.

இருபத்தாறு வயதில் நான் ஞானஸ்நானம் பெற்றேன். குலசாமிக்கு ஒரு வருடம்கூடப் பொங்கல் தவறாத வீடு எங்களுடையது. அண்ணன் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு நாள், "ஏலே, ஒஞ் சாமி ஞாயித்துக்கெழம மத்தியானம் சோறு திங்க விடும்ல? வந்து தின்னுட்டுப் போ" என்றார். அதோடு அது முடிந்தது. அதற்குப் பின் ஒன்பது ஆண்டுகள் ஞாயிறு மதியச் சாப்பாடு எனக்கு அங்கேதான்.

அம்மா இறந்தபோதுதான் உடைந்தது. எங்கள் பக்கம் அம்மாவுக்கு இளைய மகன் கொள்ளி வைக்க வேண்டும். என் விசுவாசத்தில் நான் அதைச் செய்ய முடியாது என்பது எனக்கு முன்பே தெரியும். அம்மா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். அந்த எட்டு மாதத்தில் என்றாவது ஒரு நாள் அண்ணனைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மருந்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கி வைத்தேன். இதை மட்டும் சொல்லவில்லை. சுடுகாட்டில், சொந்தபந்தம் எல்லாம் சுற்றி நிற்க, தண்ணீர்க் குடத்தை என் தோளில் வைக்க வந்தபோதுதான், "என்னால முடியாதுண்ணே" என்றேன்.

அண்ணன் குடத்தை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்து, ஈர வேட்டியோடு நின்று, "நீங்க இனிமே நம்ம வீட்டுப் பக்கம் வர வேணாம்" என்றார். அதற்கு முன் அவர் என்னை ஒரு முறைகூட 'நீங்க' என்றதில்லை. பிறகு இரண்டு தடவை வீட்டுக்குப் போனேன். இரண்டு தடவையும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த ஆண்டு டைரியில் ஜெப விண்ணப்பங்களுக்கான பக்கத்தில் அண்ணனுக்காக ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஒவ்வொரு டிசம்பர் கடைசியிலும் புது டைரி வாங்கி, கேஸ் இணைப்பு எண், ரத்த வகை எல்லாவற்றையும் பழைய டைரியிலிருந்து எடுத்து எழுதுவது என் வழக்கம். விண்ணப்பங்களையும் அப்படியே எழுதுவேன். ஒன்றரைப் பக்கம் அடுத்த ஆண்டு எட்டு வரியானது. பிறகு மூன்று வரி. பிறகு 'அண்ணன்' என்ற ஒரு சொல். ஏழாம் ஆண்டு, முந்தைய டைரியைப் பார்த்து, அலுவலகப் பழக்கத்தில் 'மேற்படி' என்று எழுதியிருக்கிறேன். அதன் பின் எல்லா ஆண்டும் மேற்படிதான்.

இந்தப் புத்தாண்டுக்கும் மேற்படி என்று எழுதியதும்தான் கை நின்றது. புது டைரியின் வெள்ளைப் பக்கம். மேலே ஒன்றுமே இல்லை. அண்ணனுக்காகக் காத்திருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன், எதற்குக் காத்திருக்கிறேன் என்று ஒரு வரி எழுதி ஐந்து வருடம் ஆகிவிட்டது. பரணிலிருந்து முதல் டைரியை இறக்கிப் படித்தேன். ஒன்றரைப் பக்கத்திலும் அண்ணன் எப்படி மாற வேண்டும் என்றுதான் இருந்தது. என்னைப் பற்றி ஒரு வரி இல்லை. மேற்படியை அடித்தேன். வேறு எதுவும் எழுத வரவில்லை.

அருப்புக்கோட்டையில் எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை மாலை ஆறிலிருந்து ஏழு வரை காத்திருப்பு ஜெபம் நடக்கும். பாட்டு இல்லை, விண்ணப்பம் இல்லை. ஆண்டவரிடம் எதையும் கேட்காமல் அவர் முன்னால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். பக்கத்துத் தெருவின் தறிச் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு அது கடினம்; கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருப்பேன். முன்வரிசையில் உட்காரும் தையல்கார அக்கா ஒரு தடவை வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "சாரு ஆண்டவருக்கே வருகைப் பதிவேடு வச்சிருக்காக. அஞ்சு நிமிசம் லேட்டுன்னா அரைநாள் லீவு போட்ருவாக போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அப்படி உட்கார்ந்திருந்தபோது கேட்பதற்கு என்னிடம் உண்மையாகவே ஒன்றும் இல்லை. அண்ணனுடைய குரல் மட்டும் வந்தது. "ஏலே, கம்பில ஏறி உக்காரு, பள்ளியோடத்துக்கு நேரமாச்சு." சைக்கிள் கம்பியின் குளிர்ச்சிகூட வந்தது. அக்கா என் தோளைத் தட்டி, "சார், மணி ஏழரை. கதவப் பூட்டணும்" என்றார்.

போன ஜூனில் ஓர் இரண்டாம் ஞாயிறு. திருச்சுழியில் பஸ் நின்றதும் அண்ணனே ஒரு மூடையைத் தள்ளிக்கொண்டு வந்தார். சரியாக என் சன்னலுக்குக் கீழே.

"அண்ணாச்சி, மூடைக்கும் டிக்கெட்டு உண்டு" என்றார் கண்டக்டர்.

"ஏலே, மூடை என்ன சீட்டுலயா உக்காரப் போவுது? போன வாரம் ஒம் மாமியா ரெண்டு ஆட்டுக்குட்டியோட வந்தாளே, அதுகளுக்குக் கிழிச்சியா?"

பஸ்ஸே சிரித்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் அந்த 'ஏலே'யை அவ்வளவு அருகில் கேட்டது அன்றுதான். எனக்கானது இல்லை.

அண்ணன் மூடையின் தையலைப் பார்த்தபடியே சொன்னார். "மூணாவது சன்னல்ல இருக்காகள்ல, அவுகள அந்தப் பக்கம் நெழல்ல உக்காரச் சொல்லு. மாசாமாசம் ரெண்டாவது ஞாயித்துக்கெழம இந்த வெயிலத் தின்னுக்கிட்டே போறாக."

குறித்து வைத்திருப்பவன் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

இறங்கினேன். அந்தப் பஸ்ஸிலிருந்து அங்கே அதுவரை நான் இறங்கியதில்லை. "அண்ணே, முடியாதுங்கறத முன்னாடியே ஒங்ககிட்டச் சொல்லிருக்கணும். அத்தன பேருக்கு முன்னால ஒங்கள நிறுத்திட்டேன். தப்புதாண்ணே."

அவர் என்னைப் பார்க்கவில்லை. சாக்கில் ஓட்டை இருந்த இடத்தை விரலால் மூடிக்கொண்டிருந்தார். "பஸ்ஸு போயிரும். ஏறுங்க" என்றார்.

அன்று மாலை விண்ணப்பப் பக்கத்தில், மேற்படியை அடித்த இடத்துக்குக் கீழே எழுதினேன்: 'அண்ணன் என்னை ஏலே என்று கூப்பிட வேண்டும்.' அவ்வளவுதான் எழுத இருந்தது.

ஜூலையில் அருப்புக்கோட்டையிலேயே பஸ் பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. கண்டக்டர் நிழல் பக்கம் கையைக் காட்டினார். இருக்கட்டும் என்றேன். திருச்சுழியில் நின்றபோது கடைக்குள் அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, பஸ்ஸைப் பார்த்தார்.