பால் காய்ச்சிய அன்று வந்தவள்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும், சிரித்துவிட்டுப் போங்கள். பேய், காத்துக்கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எரிந்து விழுகிற ஆள் நான். புதுக்கோட்டையில் நாங்கள் வாங்கிய அடுக்குமாடி வீடு, பழைய முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை இடித்துவிட்டுக் கட்டியது. அந்த இடம் வேண்டாம் என்றவர்களிடம், "அப்ப வேற வீடு நீங்க வாங்கிக் குடுங்க" என்று கேட்டவளும் நான்தான்.

பால் காய்ச்சிய அன்று காலையில் வீடு கொள்ளாத சனம். ஆலங்குடியிலிருந்து என் பிறந்த வீட்டார் ஒரு வேன், ஆவுடையார்கோவிலிலிருந்து கணவர் வீட்டார் ஒரு வேன். பால் பொங்கி, டம்ளர் டம்ளராக ஊற்றிக்கொண்டிருக்கிறேன், இடுப்பில் கைப்பிள்ளை வீல் வீலென்று கத்துகிறான், யாரிடம் கொடுத்தும் அடங்கவில்லை. அடுப்படி வாசலில் ஓர் அம்மாள் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவர் வழியில் யாரோ பெரியம்மா என்று நினைத்தேன். யாரென்று கேட்டால் தப்பாகப் போய்விடும் இல்லையா, சிரித்து வைத்தேன்.

"கொஞ்சம் சாம்பல் குடு ஆத்தா. கையில தேச்சுக்கிட்டுப் புள்ளைய வாங்கிக்கிறேன்" என்றாள்.

"கேஸ் அடுப்பு வீட்டுல சாம்பலுக்கு நான் எங்கிட்டுப் போறது? சும்மா பிடிங்க பெரியம்மா!"

அவள் பின்வாங்கப் பின்வாங்க நானே பிள்ளையை அவள் கையில் திணித்தேன். அழுகை சட்டென்று நின்றது. அப்பாடா என்று பாலைக் கவனிக்கத் திரும்பிவிட்டேன்.

மதியம் கூடத்துப் பாயில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். வேர்க்கிறதே என்று சட்டையைக் கழற்றினேன். ஐயோ, அதை எப்படிச் சொல்வேன், இரண்டு அக்குளுக்குக் கீழேயும் கறுத்துக் கொப்பளித்திருந்தது. தூக்கிய விரல்கள் அப்படியே பதிந்திருந்தன.

ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா பார்த்ததும் கத்தினார்.

"முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பட்டாத்தான் இப்படிப் புண்ணாகும். கொட்டை உடைக்கிறவங்களே சாம்பல் தேய்க்காமப் பிள்ளையத் தொட மாட்டாங்க. யாரு தூக்குனது?"

வீட்டுக்குத் திரும்பி வந்ததும், காலையில் பிள்ளையை வாங்கிய அந்த அம்மாள் யாரென்று மாமியாரிடம் கேட்டேன்.

"அது ஒங்க சித்தி இல்லையா? ஒங்க ஆளுகன்னுல்ல நெனச்சேன்" என்றார். என் அம்மாவோ, சம்பந்தி வீட்டு ஆள் என்று நினைத்து இரண்டாம் தடவையும் பால் கொடுத்திருக்கிறாள். இரண்டு வேனிலும் அப்படி ஒருத்தி வரவேயில்லை.

புண் ஆறிவிட்டது. வீட்டை விற்றுவிடலாம் என்றால், "எதுக்கு விக்கிறீங்கன்னு கேட்டா என்னன்னு சொல்றது?" என்கிறார் கணவர். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, பிள்ளையைத் தனியாக விட்டுக் குளிக்கக்கூடப் பயமாக இருக்கிறது எனக்கு.

இப்போது பையன் எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். நேற்று மத்தியானம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தின் நடுவில், பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாத இடத்தில், இரண்டு கையையும் மேலே நீட்டிச் சிரித்துக்கொண்டு நின்றான். கால் கட்டைவிரல் மட்டும் தரையில் உரசிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து இழுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், முதல் இழுப்புக்கு அவன் வரவில்லை.