முருகனிடம் ஒரு நல்ல கசப்பு கேட்டேன்

நம் வெள்ளிக்கிழமை பஜனையில் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் எழுதுகிறேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை. முருகன் எனக்குச் செய்ததை மறைத்து வைக்க மனசு வரவில்லை.

போன சித்திரையில் என் கணவர் சேகருக்கு ஈரல் கெட ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இனி ஒரு சொட்டு கூடாது என்றார். சேகர் பிம்ப்ரியில் ஒரு கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுகிறார். சண்டை போடுகிற குடிகாரர் இல்லை. ஆனால் வேலை விட்டு வந்தால் நிக்டியில் எங்கள் வீட்டு பால்கனியில் பீர் திறந்துவிடுவார். பக்கத்து நாற்காலியில் அவருடைய நண்பர் பாட்டீல் இருப்பார். அதை நிறுத்து முருகா, அதை நிறுத்து என்று நான் எத்தனையோ வருஷம் விளக்கேற்றி அழுதிருக்கிறேன்.

டாக்டர் சொன்ன அன்றைக்கே நிறுத்திவிட்டார். நான் சந்தோஷப்பட்டேன். ஆனால் கொஞ்ச நாளில் பேச்சையும் நிறுத்திவிட்டார்.

பால்கனிக் கதவைத் திறக்கவே இல்லை. பாட்டீல் போன் செய்தால் எடுக்கவில்லை. சாப்பாடு பாதியில் இருக்கும்போதே எழுந்துவிடுவார். ஆடி மாசம் ஒருநாள் ஷூவைக் கழற்றிக்கொண்டே, "இப்படி இருக்கறதுக்குக் குடிச்சிட்டே போயிருக்கலாம் மல்லிகா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கலக்கியது.

பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்தேன். "முருகா, ஒண்ணை எடுத்துக்கிட்டே. நான்தான் கேட்டேன். அந்த இடம் காலியா கிடக்கு. அதுல ஏதாவது வை" என்றேன். வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை.

அந்த வாரமே மளிகை வாங்கப் போன சூப்பர் மார்க்கெட்டில், ஜூஸ் பக்கத்தில் பீர் பாட்டில் மாதிரி ஒன்று இருந்தது. இதை எப்படி இங்கே விற்கிறார்கள் என்று கேட்டேன். இதில் ஆல்கஹால் இல்லை ஆன்ட்டி என்று பில் போடும் பெண் இந்தியில் சொன்னாள். டாக்டரிடம் கேட்டேன். ஆல்கஹால் பூஜ்யம் என்று போட்டிருப்பது மட்டும், எப்போதாவது ஒன்று என்றார்.

முதல் பாட்டிலை அவர் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். நான் குடித்துப் பார்த்தேன். இருமல் மருந்தில் சோடா ஊற்றியது போல ஒரே தித்திப்பு. அடுத்தது ஆப்பிள் வாசனை. இன்னொன்று சோளம் வேகவைத்த தண்ணி. நான்காவதை அவர் தொடவே இல்லை. ஐம்பது வயசில் பீர் பாட்டிலும் கையுமாக நின்று, இதுவும் சரியில்லையே முருகா என்று நான் புலம்பினேன்.

ஊரின் மறுகோடியில், கராடியில் வேலை பார்க்கும் பாட்டீல் மகள்தான், அவள் ஆபீஸ் பக்கம் ஒரு கடையில் ஆல்கஹால் இல்லாத வெளிநாட்டு பீரெல்லாம் வரும் என்றாள். இரண்டு பஸ் மாறிப் போனேன். கடைக்காரர் பாட்டிலை எடுப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். உங்கள் வீட்டுக்காரருக்கு எந்த மாதிரி ருசி பிடிக்கும்?

எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் அதைத் திட்டியிருக்கிறேன், ஒருநாளும் கேட்டதில்லை. கடையிலிருந்தே அவருக்கு போன் போட்டேன்.

கடைக்காரர் கேட்டதையே அவரிடம் கேட்டேன். "கசக்கணும்" என்றார். "முதல்ல ஆரஞ்சுத் தோல் கிள்ளின வாசனை வரணும். நுரை சட்டுனு அடங்கக் கூடாது. முழுங்கினப்புறம் நாக்கு வறண்டு, இன்னொரு வாய் கேக்கணும்." அதோடு நிறுத்தவில்லை. லேத்தில் நின்று தொண்டை காய்ந்து வந்து குடிக்கும் முதல் வாயைப் பற்றிச் சொன்னார். பாட்டீல் ஒருமுறை சூடான பீரைக் குடித்துவிட்டு முகம் சுளித்ததைச் சொல்லிச் சிரித்தார். நாலு மாசத்தில் அவர் பேசாத பேச்செல்லாம் அந்தக் கடையில் நின்று கேட்டேன். கடைக்காரர் எனக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். நான் அழுதுகொண்டிருந்தேன்.

கடைக்காரர் கொடுத்த பாட்டிலை வீட்டில் குளிரவைத்து, கிளாஸைச் சாய்த்து ஊற்றினேன். பொன் நிறம். விரல் கனத்துக்கு நுரை, அப்படியே நின்றது. சேகர் முகர்ந்தார். குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"கசக்குதுடி" என்றார்.

எனக்கும் ஒரு வாய் தந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாக இருந்தது. தித்திப்பை மறைக்கிற கசப்பு இல்லை, சுத்தமான கசப்பு. போதை ஒரு துளி இல்லாமல் இவ்வளவு ருசியைக் கொண்டுவந்தவர்கள் எந்த ஊரோ, அவர்கள் கை நன்றாக இருக்கணும். மறுநாள் பாட்டீலுக்கு அவரே போன் செய்தார்.

இப்போது சனிக்கிழமை மட்டும் ஒரு பாட்டில், பாட்டீலோடு சேர்த்து நாங்கள் மூன்று பேர். போன தடவை ரிப்போர்ட் பார்த்துவிட்டு டாக்டர், ஈரல் மேலே கெடவில்லை என்றார். சேகர் இப்போது என்னோடு கோயிலுக்கும் வருகிறார்.

குடியை விட்ட எல்லாருக்கும் இது ஒத்துக்காது. சிலருக்கு அந்த வாசனையே ஆபத்து, டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. இதையெல்லாம் சாமிகிட்டே கேட்கலாமா என்று கூச்சப்படாதீர்கள். உங்கள் வீட்டில் எது குறைகிறதோ, அதன் பேரைச் சொல்லியே கேளுங்கள். அவன் காதில் விழும்.