பரமேஸ்வரிக்குத் தலை சுற்றவில்லை

காலை எட்டு மணி, ஒரு பியானோ ஸ்டூல், ஏழு வயது பரமேஸ்வரி. காது கேளாத பிள்ளைகளின் சமநிலையைச் சோதிப்பதுதான் கொழும்பில் நான் தாதியாக இருந்தபோது எனக்குக் கிடைத்த வேலை. சிறுபிள்ளைகளோடு மல்லுக்கட்டிச் சம்பளம் வாங்கியவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வெள்ளவத்தையிலிருந்து தாய் கூட்டிவந்திருந்தார். மூளைக்காய்ச்சலில் காது போன பிள்ளை. பொழுதுபட்டால் தள்ளாடி விழுவாள். மூளையும் பழுது என்று செவிடர் பள்ளிக்கூடம் சேர்க்க மறுத்துவிட்டது. விழுவதற்கு எங்கள் டொக்டர் வேறு காரணம் சொன்னால் யோசிப்பார்களாம்.

சுற்றிப் பார்த்தது

ஸ்டூலில் இருத்திச் சுற்றி, சட்டென்று நிறுத்திக் கண்ணைப் பார்ப்போம். உட்காது நன்றாயிருந்தால் கண்மணி சற்று நேரம் துடிக்கும், பிள்ளை தள்ளாடும். பரமேஸ்வரியின் கண் அசையவேயில்லை. இறங்கி நேராக நடந்தாள். திரும்பி வந்து, இன்னொருதரம் சுற்றச் சொல்லி விரலால் காட்டினாள்.

தலை சுற்றாததுதான் குறை என்று நான் சொல்ல வாயெடுப்பதற்குள் தாய் முந்திக்கொண்டார்: "பாத்தியளே மிஸ்ஸி, பிள்ளை எப்பிடி நடக்கிறாள்! பாத்துக்கொண்டு நிண்ட எனக்கெல்லோ தலை சுத்துது!"

கண்ணைக் கட்டியது

அடுத்தது மெத்தையில் நிற்கும் சோதனை. கண் திறந்திருந்தவரை சிலைபோல நின்றாள். துணியால் கட்டியதும் சாய்ந்தாள், நான் தாங்கிக்கொண்டேன். டொக்டர் பதறி, "பயப்படாதே! நேரே நில்!" என்று வார்டு அதிரக் கத்தினார்.

தாய் சிரிப்பை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. "டொக்டர், அவளுக்கு அது கேக்குமெண்டால் நாங்கள் ஏன் இஞ்ச வாறம்?"

தலைமையாசிரியை வந்தது

கண்ணைக் கட்டினால் இந்தப் பிள்ளைகளுக்குக் கைச்சைகைப் பேச்சும் போய்விடும். அதனால் கட்டுவதற்கு முன்பே ஒரு சைகை பழக்கினேன்: நான் தோளைத் தட்டினால் பிள்ளை துணியை அவிழ்க்கலாம். அந்த முறை எங்கள் வார்டில் நிலைத்தது. அதில் எனக்குப் பெருமைதான்.

பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை நேரில் வந்தார். காதிலுள்ள சமநிலை உறுப்பு செத்துவிட்டது, கண்தான் அந்த வேலையைச் செய்கிறது, இருட்டில் அதுவும் கைவிடுகிறது என்றார் டொக்டர். அம்மையார் நம்பவில்லை. விழுவதைக் காட்டலாமென்று நான் துணியை எடுத்தேன்.

பரமேஸ்வரி துணியைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள். சப்பாணி கட்டி மெத்தையில் உட்கார்ந்துகொண்டு, கட்டச் சொல்லி முகத்தை நீட்டினாள்.

அம்மையார் எழுந்துவிட்டார். "விழப்போறனெண்டு தெரிஞ்சு முதலே கீழ இருந்துகொள்ளுற பிள்ளைக்கோ மூளைப் பழுது? திங்கக்கிழமை கொண்டுவந்து விடுங்கோ. விறாந்தையில லாம்பு கொளுத்தி வைக்கச் சொல்லுறன்."

வளர்ந்தபிறகு பரமேஸ்வரி அதே பள்ளிக்கூடத்தில் தையல் ஆசிரியையாகச் சேர்ந்தாள்.