கீபோர்டுக்குக் காற்றடித்த ஞாயிற்றுக்கிழமை

எங்கள் தையல் யூனிட்டில் எதைச் சுத்தம் செய்வதானாலும் ஏர் கன்தான். பனியன் துணி தைக்கிற இடத்தில் பஞ்சு பறந்துகொண்டே இருக்கும். மெஷினுக்குள், ஃபேன் இறக்கையில், சுவிட்ச் போர்டு மேல், நம் கண்ணிமையில் என்று அது உட்காராத இடம் கிடையாது. கம்ப்ரசரிலிருந்து வருகிற குழாயின் முனையில் ஒரு சின்னத் துப்பாக்கி இருக்கும். விசையை அமுக்கினால் காற்று 'புஸ்' என்று சீறும், பஞ்சு ஓடிவிடும். சாயங்காலம் வேலை முடிந்ததும் டெய்லர்கள் ஒருவர்மேல் ஒருவர் காற்றடித்துக்கொண்டுதான் பஸ் பிடிக்கப் போவார்கள். என் கணவர் இன்னும் ஒரு படி மேல். கல்யாணத்துக்குக் கிளம்பி வெள்ளை வேட்டி சட்டையோடு கீழே இறங்கி, முன்னும் பின்னும் ஒரு சுற்று காற்றடித்துக்கொண்டுதான் வண்டியை எடுப்பார். ஈரத் தலையையும் அதில் காயவைத்திருக்கிறார். ஆகவே அன்றைக்கு அவர் செய்தது அவரைப் பொறுத்தவரை பல் விளக்குகிற மாதிரி ஒரு காரியம்.

இது நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இப்போதும் கீழே அந்தச் சத்தம் கேட்டால் என் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. கூடவே சிரிப்பும் வந்துவிடுகிறது. இரண்டும் சேர்ந்து வருவதால் பார்ப்பவர்களுக்கு எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் தோன்றும்.

அவிநாசிபாளையம் பக்கம், தாராபுரம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் கட்டடம். கீழே யூனிட், மேலே வீடு. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான பனியன் தைத்துக் கொடுக்கிறோம். தைக்கிறதை அவர் பார்த்துக்கொள்வார், கணக்கும் மெயிலும் என்னுடையவை. எங்களுக்கு ஒரே மகள். காலேஜ் முடித்தவள், பனியன் பக்கம் திரும்பிப் பார்க்காதவள். குழந்தைகளுக்குப் படக்கதைப் புத்தகம் போடுகிற சென்னைக் கம்பெனி ஒன்றில் ஆங்கிலத்தில் கதை எழுதுகிற வேலைக்கு ஆள் எடுத்தார்கள். அதற்கு ஆன்லைனில் ஒரு தேர்வு. ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்குத் தொடங்கி இரண்டு மணி நேரத்தில் ஒரு கதையை எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு தடவைதான், தவறவிட்டால் அவ்வளவுதான். முந்தின நாளே பதிவு செய்துவைத்த லேப்டாப்பில்தான் எழுத வேண்டும், மேசைமேல் வேறு எதுவும் இருக்கக்கூடாது, தனி கீபோர்டுகூடக் கூடாது, கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும் என்று ஏகப்பட்ட விதி. அவள் அலட்டிக்கொள்ளவில்லை. நான்தான் இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், நெட்டைச் சோதித்தேன், மின்வாரியத்தில் வேலை பார்க்கிற சொந்தக்காரருக்குப் போன் போட்டு ஞாயிற்றுக்கிழமை கரண்ட் போகுமா என்று இரண்டு முறை கேட்டேன். மூன்றாவது முறை அவர் எடுக்கவில்லை.

லேப்டாப் என் நாத்தனார் மகன் இன்ஜினியரிங் படித்தபோது அடித்து நொறுக்கியது. பிறகு எங்களுக்கு வந்தது. கீபோர்டின் பல சாவிகளில் எழுத்தே தேய்ந்து போயிருந்தது. சில சாவிகள் விழப்போகிற பால் பல் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன. மகளுக்குப் பார்க்காமலே அடிக்கத் தெரியும் என்பதால் அவள் கண்டுகொள்ளவில்லை.

அன்று காலை, கடைசியாக ஒரு முறை அடித்துப் பார் என்று நான்தான் சொன்னேன்.

"எஸ் மட்டும் ஒட்டுதும்மா. ஒரு அமுக்கு அமுக்குனா மூணு விழுகுது."

காது குடைகிற பஞ்சுக் குச்சியால் ஓரத்தைத் துடைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். காபிக்கு மாடி ஏறி வந்த அவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள, ரெண்டு பேரும் அதைய மொறச்சுப் பாத்துட்டு நிக்கறீங்க?"

"எஸ் ஒட்டுதாமாங்க."

"பஞ்சு பூந்திருக்கும். குடு இங்க."

எனக்குப் புரிவதற்குள் லேப்டாப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதிப் படி இறங்கிவிட்டார். பின்னாலேயே நாங்கள் ஓடினோம்.

"அப்பா, வேண்டாங்ப்பா!"

"ஜப்பான் மெசினுக்கே இதைத்தாங் கண்ணு அடிக்கறோம். இது என்ன பிரமாதம்?"

கட்டிங் டேபிள்மேல் வைத்தார். விரித்தார். அடித்தார்.

சட்டியிலிருந்து பொரி தெறிக்கிற மாதிரி கீபோர்டின் இடது பக்கச் சாவிகள் எழும்பிப் பறந்தன. ஒன்று ட்யூப்லைட்டில் மோதி 'டங்' என்றது. ஒன்று தையலில் குனிந்திருந்த டெய்லர் அம்மாவின் நெற்றியைத் தாக்கியது. அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சர்ச்சில் காலைப் பூசைக்குப் போய்விட்டு நேராக வேலைக்கு வந்திருந்தார். மறுநாள் சரக்கு போக வேண்டும் என்பதால் அன்றைக்கு எல்லோருக்கும் அரை நாள் வேலை.

"சேசுவே! என்ன அண்ணாச்சி, கல்லெறியுதீய?"

என் கணவர் விசையிலிருந்து விரலை எடுக்காமல், சபையைப் பார்த்து மரியாதையாகக் கேட்டார்: "இது ஏனுங்க இப்படிப் பறக்குது?"

சுவர்க் கடிகாரத்தில் ஒன்பதரை. மகள் வாயைத் திறந்தபடி நின்றாள். நான் கண்ணில் பட்ட முதல் சாவியை எடுக்கக் குனிந்து ஓடப் பார்த்தேன்.

"யக்கா, நில்லுங்க! யாரும் அசையப்பிடாது!" என்று டெய்லர் அம்மா கத்தினார். மொத்த யூனிட்டும் அப்படியே உறைந்தது.

அதற்குக் காரணம் உண்டு. குழந்தைகள் போடுகிற பனியன் என்பதால் தைக்கும்போது ஊசி உடைந்தால் எங்களுக்குக் கடுமையான முறை இருக்கிறது. உடைந்த துண்டு எல்லாம் கிடைத்து, அவற்றை ஒரு தாளில் ஒட்டி முழு ஊசியாகச் சேர்த்துக் காட்டும்வரை அந்த மெஷினைச் சுற்றி ஒரு நூல்கூட நகரக்கூடாது. செருப்பின் அடியைக்கூடத் தூக்கிக் காட்ட வேண்டும். இதில் பழகியவர்கள் என்பதால் ஒருவர் டீ கிளாஸை வாய்க்குப் பாதி தூரத்தில் பிடித்தபடி நின்றார், இன்னொருவர் ஒற்றைக் காலில் நின்றார். ஓவர்லாக் மெஷின் ஓட்டுகிற பீகார்க்காரர் மட்டும், ஊசி தேடுவதற்கு வைத்திருக்கிற காந்தக் குச்சியைப் பழக்க தோஷத்தில் உருவிக்கொண்டு வந்து தரையில் தடவ ஆரம்பித்தார்.

"பையா, அது பிளாஸ்டிக்கு!" என்றாள், அவரை இந்தியில் அண்ணா என்றே கூப்பிடுகிற மகள்.

அவர் காந்தத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள். தேர்வு எழுத வேண்டியவளே சிரிக்கும்போது நான் மட்டும் எப்படி அழுவது? எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

டேபிளிலிருந்து தொடங்கி வட்டமாகத் தேடினோம். பனியன் கைக்கு வெட்டிய துண்டுகளைக் கட்டிவைத்த பண்டலைப் பிரித்து ஒவ்வொன்றாக உதறினோம். டேபிளுக்கு அடியில் இருந்த வேஸ்ட் மூட்டையைக் கவிழ்த்து அலசினோம். "மில் கயா! கிடச்சாச்சி!" என்று பீகார்க்காரர் ஒவ்வொரு முறையும் இரண்டு பாஷையிலும் கூவினார். ஒன்று என் கணவரின் சட்டைப் பையிலேயே கிடைத்தது.

"நான் எடுத்து வெக்கலீங்க! சத்தியமாங்க!" என்று பதறினார்.

"களவாணிப் பயலும் இப்படித்தான் அண்ணாச்சி சொல்லுவான்" என்ற டெய்லர் அம்மாவின் கொண்டையிலேயே இன்னொன்று சிக்கியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, "நல்லாத்தான இருக்கு, அடுத்த வாரம் பூசைக்கு இதையே வச்சிட்டுப் போறேன்" என்றார்.

வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, உடைந்த ஊசியை அடுக்குகிற மாதிரி சாவிகளை அடுக்கினோம். 'ஏ'யும் 'எஸ்'ஸும் எழுத்துத் தேய்ந்து ஒரே மாதிரி வெறுமையாக இருந்தன. "எது எங்க இருந்தா என்னம்மா, ரெண்டும் மொட்டைதான்" என்று மகள் ஒன்றை எடுத்து ஓர் இடத்தில் அழுத்தினாள். உட்கார்ந்துகொண்டது. மற்றவையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்தன. எஸ் மட்டும் உட்காரவில்லை.

துணியின் இழையை எண்ணுவதற்கு வைத்திருக்கிற மடக்குக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சாவிக்கும் கீழே இரண்டு துண்டாக ஒரு பிளாஸ்டிக் சட்டம் இருக்கிறது. பந்தலில் போடுகிற மடக்கு நாற்காலி மாதிரி, ஆனால் எறும்பு உட்காருகிற அளவில். எஸ்ஸின் நாற்காலிக்கு ஒரு கால் இல்லை.

"துண்டு கெடைக்காம லைன் ஓடாது" என்றார் டெய்லர் அம்மா. கடைசியில் கடுகில் பாதி அளவில் அந்தக் காலும் கிடைத்தது. என்ன செய்ய? ஒட்டவா முடியும்? ஒட்டலாம் என்று என் கணவர் பசையை எடுத்துக்கொண்டு வந்தார். "அப்பா, பசை போட்டா அது ஆயுசுக்கும் அசையாதுங்ப்பா!" என்று மகள் அலறினாள். கையில் பசையோடு அவர் பின்வாங்கினார். ஆனால் இன்னொரு கையில் ஏர் கன்னும் இருந்தது. அதை டெய்லர் அம்மா பிடுங்கி வைத்தார்.

மணி பத்தேகால் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கடையும் கிடையாது. எஸ் இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு கதையா? அப்போது மகள் சொன்னாள்: "க்யூவோட சட்டத்தை எடுத்து எஸ்ஸுக்கு வெச்சுக்கலாம். அளவு ஒண்ணுதான். எனக்கு க்யூ எத்தனை தடவை வரப்போகுது?"

என் கணவருக்குக் கோபமே வந்துவிட்டது. "க்யூ இல்லாம எப்படிக் கண்ணு? குவாலிட்டி, குவான்டிட்டி, கொட்டேசன்... இந்த ஊர்ல க்யூ இல்லாம ஒரு மெயில் போட முடியுமா?"

"நான் எழுதறது கதைங்ப்பா. கொட்டேசன் இல்லீங்."

ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோக்கிற ட்வீசரால் க்யூவின் சட்டத்தை அவளே கழற்றினாள். அங்கே ஒரு ரப்பர் மொட்டு மட்டும் மிச்சம் நின்றது. தேவைப்பட்டால் அதை நகத்தால் அமுக்கிக்கொள்ளலாம். பீகார்க்காரர் போன் டார்ச்சைப் பிடித்தார். நான் கண்ணாடியைப் பிடித்தேன்.

"அம்மா, மூச்சு விடாத. பறந்துரும்."

நான் விடவில்லை. இருந்தும் பறந்தது. ட்வீசரிலிருந்து வழுக்கிய சட்டம் 'டிக்' என்று எங்கோ போனது. இந்த முறை யாரும் கத்தவே தேவையில்லை, எல்லோரும் தாமாகவே சிலையாகிவிட்டார்கள். அந்த அமைதியில் டெய்லர் அம்மா தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டி, "யக்கா, உங்க முந்தானையில" என்றார். எடுத்தேன். அடுத்த முறை அவள் சட்டத்தை உள்ளே நுழைத்து, எழுத்தில்லாத எஸ்ஸை மேலே வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். உட்கார்ந்தது. ஒரு முறை அடித்தாள். ஒன்றுதான் விழுந்தது. மறுபடி அடித்தாள். ஒன்றேதான். யூனிட்டே கை தட்டியது. பீகார்க்காரர் விசிலடித்தார். நான் என்னை அறியாமல் டெய்லர் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

அதற்குள் மணி பத்தே முக்கால். லேப்டாப்பைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மகள் மாடி ஏறினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது: மேலே அவள் எழுத, கீழே இத்தனை மெஷினும் ஓடினால்? வேறு குரல், சத்தம் கேட்டால் தேர்வை நிறுத்திவிடுவோம் என்றும் ஒரு விதி இருந்தது. மறுநாள் போக வேண்டிய சரக்கு பாதிகூட முடியவில்லை. நான் என் கணவரைப் பார்த்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. சரக்கு நேரத்தில் தன் மாமனார் வந்தால்கூட மெஷினை நிறுத்தாதவர்.

நான் கேட்கவில்லை. அவரே போய் மெஷின் லைனையும் கம்ப்ரசரையும் அணைத்தார். "ரெண்டு மணி நேரமுங்க. எல்லாரும் பிசிறு வெட்டுங்க. பேசக் கூடாதுங்க."

"மத்தியானச் சோறு போட்டா சாயந்தரம் வரைக்கும் இருந்து முடிச்சுக் குடுக்கோம்" என்றார் டெய்லர் அம்மா.

"பிரியாணியே போடறனுங்க."

"அப்ப பேசவே மாட்டோம்."

எல்லோரும் தரையில் உட்கார்ந்து சின்னக் கத்தரியால் நூல் பிசிறு வெட்ட ஆரம்பித்தார்கள். பேச்சில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்பதால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். யாருக்காவது 'கிக்' என்று வந்தால் பனியனை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

நான் மாடிப்படியில், கதவுக்கு இரண்டு படி கீழே உட்கார்ந்தேன். கதவுக்குள்ளிருந்து சாவி அடிபடுகிற சத்தம் கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு மழை பிடிக்கிற மாதிரி மளமளவென்று. அதில் எது எஸ், எது வேறு என்று எனக்குத் தெரியாது. இருந்தும் ஒவ்வொன்றையும் கேட்டேன். பாதி நேரம் போயிருக்கும், சத்தம் நின்றது. போச்சு, எஸ் போய்விட்டது என்று நினைத்தேன். படியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கீழே அவர் அண்ணாந்து என்னைப் பார்த்து, என்ன என்று கையால் கேட்டார். நான் தெரியவில்லை என்று கையை விரித்தேன். அவர் மெல்ல எழுந்து நின்றார். பிசிறு வெட்டிக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. மொத்தக் கட்டடமும் காதாக இருந்தது.

பிறகு மளமளவென்று மறுபடி தொடங்கியது.

ஒரு மணி ஆனதும் கதவு திறந்தது. தலை கலைந்து, கண் பளபளக்க அவள் வந்து நின்றாள்.

"அனுப்பிட்டேன்."

"எஸ்?"

"நல்லா இருந்துச்சு."

"நடுவுல நின்னுச்சே சாமி? சத்தமே காணோமே?"

"யோசிச்சேன்மா! கதை எழுதறவ யோசிக்கக்கூடக் கூடாதா?" என்றவள், "நீ இங்க மூச்சு விடறது அங்க கேக்குது. உனக்குப் பயந்துதான் சீக்கிரமாத் திரும்ப ஆரம்பிச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்தபடியே என் பக்கத்தில் சரிந்து உட்கார்ந்தாள். கீழே, "அனுப்பிட்டாளாமுங்க!" என்று அவர் யாருக்கு என்றில்லாமல் அறிவித்தார். அதுவரை அடக்கிவைத்திருந்த சிரிப்பெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. டெய்லர் அம்மா, "பிரியாணி!" என்று கூவினார். என் கணவர் சுவிட்சைப் போட்டார். எல்லா மெஷினும் ஒன்றாக ஓட ஆரம்பித்ததில் படிக்கட்டு அதிர்ந்தது.

"அம்மா, நடுங்கறயா?" என்றாள்.

"மெஷின் அதிருது கண்ணு" என்றேன். அவள் நம்பவில்லை. என் இரண்டு கையையும் எடுத்துத் தன் மடியில் வைத்து, நடுக்கம் நிற்கிறவரை பிடித்துக்கொண்டிருந்தாள்.