ஊதுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது

எங்கள் தெருவில் முதன்முதலாக பேக்பைப் வாங்கியவள் நான்தான். கடைசியாக வாங்கியவளும் நானாகத்தான் இருக்கும். தியாகராய நகரில் பனகல் பூங்காவுக்குப் பின்னால் ஒரு சந்து. ஒரே கிணற்றைச் சுற்றி நாலு குடித்தனம். அங்கே கல்யாணமாகாத ஒரு பெண், தோல்பையும் குழல்களுமாக ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவிலிருந்து இறங்கினால் சும்மா இருப்பார்களா? சிரித்தார்கள். சிரித்துத் தொலையட்டும் என்று விட்டுவிட்டேன். நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். நாள் முழுக்க ஊரார் ஏச்சைக் காதில் வாங்கியவளுக்கு இந்தச் சிரிப்பெல்லாம் ஒரு பொருட்டா?

எனக்கு ஆசை வந்து வாங்கியதல்ல அது. பட்டாளத்தில் பேண்டில் இருந்த என் தம்பி ஊதியது அந்த வாத்தியத்தைத்தான்.

அவன் சேர்ந்தபோது அம்மா மூன்று நாள் அடுப்பு மூட்டவில்லை. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு எங்களுக்கிருந்த ஒரே ஆண்துணை அவன். முதல் லீவில் வந்தவன் அம்மாவின் தாடையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஊதறவன்மா, சுடறவன் இல்ல. ஊதறவனுக்கு ஒண்ணும் ஆகாது" என்றான். அம்மாவுக்கு அது சாமி வாக்காகிப் போனது. "நாயனமாடா?" என்று கேட்டாள். "நாயனம் மாதிரிதான். கூட ஒரு பை இருக்கும். அடுத்த லீவுல கொண்டாந்து உனக்கு ஊதிக் காட்டறேன், பாரு." அது பட்டாளத்துச் சொத்து, வெளியே எடுத்து வர விடமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுப் போகிற ஜாதி அவன்.

அந்த அடுத்த லீவு வரவில்லை. எழுபத்தொன்று டிசம்பர் சண்டையில் கிழக்கே போனவன் போனவன்தான். தந்தி வந்தது. உடல் வரவில்லை. அங்கேயே எல்லாம் முடித்துவிட்டார்கள். அம்மா தந்தியைக் கையில்கூட வாங்கவில்லை. "வேற எவனோ. பேர் மாறிப் போச்சு. ஊதறவனைப் போய் எவன்டி சுடுவான்?" என்றாள். அதற்கப்புறமும் தினம் மூன்று பேருக்கு அரிசி களைந்தாள். அவன் பங்குச் சோறு அப்படியே மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றி வைத்து மறுநாள் காலையில் அவளே சாப்பிடுவாள். மாதக்கணக்காக அவள் காலையில் சாப்பிட்டதெல்லாம் என் தம்பியின் பழையதுதான்.

பங்குனி வெயிலில் அவனோடு இருந்த பட்டாளத்துப் பையன் ஒருவன் டிரங்குப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். அம்மா அவனைப் பேசவே விடவில்லை. காப்பியைக் கையில் கொடுத்து, "அவனையும் லீவு போட்டுட்டு வரச் சொல்லுப்பா, இளைச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஆட்டுக்கல்லில் உட்கார்ந்தாள். பாவம், அந்தப் பிள்ளை காப்பியை வாயில் வைக்கவில்லை. வாசல்படி தாண்டிய பிறகு என்னிடம்தான் சொன்னான். "சண்டைன்னா பேண்டுக்காரங்க வாத்தியத்தை ஸ்டோர்ல போட்டுடணும்க்கா. எங்க எல்லாருக்கும் ஸ்ட்ரெச்சர் தூக்கற வேலைதான். அடிபட்ட ஒருத்தனைக் கொண்டாந்து விட்டுட்டு அடுத்த ஆளைத் தூக்க ஓடினான். அவ்வளவுதான்க்கா." சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான். அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்ல நான் வாயைத் திறந்தபோதெல்லாம் ஆட்டுக்கல் சுற்றத் தொடங்கிவிடும். ஊறப்போட்டது ஒன்றுமில்லை என்றாலும் சுற்றும். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் தட்டைக் காட்டிக் கத்தினேன். "யாருக்கும்மா இது? யார் வந்து தின்னப் போறா? ரெண்டு பேருக்கு வடிக்கக் கூடாதா?" அவள் கோபப்படவில்லை. "ஊதிக் காட்டறேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான்டி. காட்டாம எப்படிப் போவான்?" என்றாள்.

அந்தப் பேச்சுதான் என்னைக் கடைக்குத் துரத்தியது. அந்த ஒரு சொல்லில்தான் அவள் தொங்கிக்கொண்டிருக்கிறாள், அவனுக்குப் பதிலாக நானே ஊதிக் காட்டி அதைத் தீர்த்துவிட்டால் இவள் அவனைப் போக விடுவாள் என்று நினைத்தேன். பைத்தியக்கார யோசனைதான். துக்கம் பிடித்த வீட்டில் வேறு என்ன யோசனை வரும்?

ராயப்பேட்டையில் கல்யாணத்துக்கெல்லாம் போகிற பேண்டு செட்காரர் ஒருவர் இருந்தார். சுவர் முழுக்கச் சிவப்புக் கோட்டுகள் தொங்கின. பேக்பைப் வேண்டும் என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்கு? உனுக்கா? எங்கயாச்சும் ஊதிக்கினு இருந்தியா?"

"இல்லை. இனிமேதான்."

"எட்த்த எட்ப்புல யாரும் பைய வாங்க மாட்டாங்கம்மா. சின்னக் கொழலு ஒண்ணு கீது, அத்த ஒரு வருசம் ஊதிக் கத்துக்கினு அப்பால வா."

"ஒரு வருஷமெல்லாம் எங்கம்மாவால முடியாது" என்றேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பரணிலிருந்து பழசு ஒன்றை இறக்கித் தூசி தட்டினார். தோளில் சாயும் மூன்று குழல்களில் இரண்டைத் தக்கை வைத்து அடைத்தார். "ஒண்ணு போதும் உனுக்கு. பை காஞ்சி பூட்ச்சி. தேனும் கிளிசரினும் வெந்நீர்ல கலந்து உள்ள ஊத்தி நல்லா பெசஞ்சிக்கினே இரு. எளகலன்னா காத்து நிக்காது" என்றார்.

வீட்டுக்கார மாமி வாசலிலேயே வழிமறித்தாள். "என்னடி இது, தோலா? இதெல்லாம் ஆத்துக்குள்ள கொண்டு வரப்படாது!" கிணற்றடியோடு வைத்துக்கொள்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அம்மா வந்து பார்த்தாள். "இதுவா?" என்றாள். "இதேதான்மா. தம்பி வச்சிருந்தது இப்படித்தான் இருக்கும்." குனிந்து முகர்ந்து பார்த்தாள்.

தேன் கலவையை ஊற்றத் தெரியாமல் ஊற்றி, பாதியைத் தரையில் விட்டேன். எறும்பு மொய்க்க ஆரம்பித்தது. "தள்ளுடி. உனக்கு எது ஒழுங்கா வந்திருக்கு" என்று அம்மா பையைப் பிடுங்கினாள். கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து, புடவையை முழங்காலுக்கு ஏற்றி, இரண்டு காலையும் நீட்டி, பையைக் கெண்டைக்கால் மேல் குப்புறப் போட்டுப் பிசையத் தொடங்கினாள். பச்சைப்பிள்ளைக்கு எண்ணெய் தேய்க்க அப்படித்தான் உட்காருவார்கள். தம்பி பிறந்தபோது எனக்கு ஐந்து வயது. அவனை அவள் இப்படிப் போட்டுத் தேய்த்ததையும் அவன் வீல் வீலென்று கத்தியதையும் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. உள்ளே போய் அழுதேன்.

தோல் இளகப் பத்து நாளுக்கு மேல் ஆனது. தினமும் அவள்தான் பிசைந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஊதினேன். கன்னம் இரண்டும் வலித்தன, தலை சுற்றியது. பை நிரம்பியது. முழங்கையால் ஓர் அழுத்து அழுத்தினேன்.

அப்பப்பா, என்ன சத்தம்! எருமை அலறுவது போல ஒரு சத்தம். கிணற்று மேட்டிலிருந்த காக்கைகள் அத்தனையும் பறந்தன. அடுத்த தெருவிலிருந்துகூட ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ராகமா பாட்டா, ஒரு மண்ணும் இல்லை. வெறும் சத்தம். மூச்சு முட்டி வாயை எடுத்த பிறகும் பை தன்பாட்டுக்குக் கொஞ்ச நேரம் கத்தி, இழுத்து, அடங்கியது.

திரும்பிப் பார்த்தேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"இத்தனை சத்தமாடி?"

"ஆமாம்மா."

"நான் என்னவோ கச்சேரி மாதிரி, எங்கயோ பின்னால பந்தல் போட்டு உட்கார வச்சிருப்பாங்கன்னு நினைச்சேன்டி. இதை ஊதிக்கிட்டு நின்னா, எங்க நிக்கறான்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்குமே. என் பிள்ளை ஒளிய முடியாதே." அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கதவுக்கு உள்ளே கையெட்டும் தூரத்தில் ஆட்டுக்கல் இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

அப்போதுதான் சொன்னேன். "அவன் ஊதலம்மா. சண்டையில பேண்டுக்காரங்க ஊத மாட்டாங்க. அடிபட்டவங்களைத் தூக்கறது அவங்கதான். ஒருத்தனைத் தூக்கிக் கொண்டாந்து விட்டுட்டு, இன்னொருத்தனைத் தூக்கப் போனான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாரையும் அவன் தூக்கினானா?"

"ஆமாம்மா."

"அவனை யார்டி தூக்கினா?"

அந்தப் பட்டாளத்துப் பையனிடம் நான் அதைக் கேட்டிருக்கவில்லை. யாராவது தூக்கியிருப்பார்கள், கூட இருந்தவர்கள் விட்டிருக்க மாட்டார்கள் என்று ஏதேதோ சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். தந்தி வந்த நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன்.

விளக்கு வைத்த பிறகு அடுக்களையில் அரிசிப் பானை திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். முறத்தில் இரண்டு பேருக்கு மட்டும் அரிசி போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இதற்குத்தானே இத்தனை மாதம் அவளோடு மல்லுக்கு நின்றேன். உள்ளே போய் அரிசிப் பானையை அவள் பக்கம் நகர்த்தினேன்.

"இன்னும் ஒரு பிடி போடும்மா" என்றேன்.

அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. "போதும்டி" என்றாள்.