கிட்டாரைக் கழித்தபின் மிஞ்சிய சத்தம்

இது கதை இல்லை. நடந்தது. நம்ப முடியாதவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தூக்கக் கலக்கம், மனப்பிரமை, சூடு தலைக்கேறிவிட்டது என்று இதுவரை பதினோரு பேர் எனக்கு வைத்தியம் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டாவது ஆள் தேவையில்லை. நான் தூங்கவில்லை. குடிக்கவில்லை. ராத்திரிகூட இல்லை, பட்டப்பகல். எந்தப் பதிவு எத்தனை மணிக்கு ஆனது என்று கம்ப்யூட்டரே குறித்து வைத்திருந்தது. அந்த நேரங்களைத்தான் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் தாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாற்பதை நெருங்கியும் அவன் முகத்தில் ஒழுங்காக நாலு முடி முளைத்ததில்லை, அதனால்தான் அந்தப் பேர். ஒன்பது வருடம் நானும் அவனும் சேர்ந்து பாட்டுப் போட்டோம். மெட்டு இரண்டு பேருடையது. முன்னால் நின்று பேசும் கிட்டார் அவனுடையது, பின்னால் நின்று சுமக்கும் கிட்டார் என்னுடையது. இரண்டு தெரு தள்ளித்தான் அவன் வீடு. அங்கே பின்பக்க அறைக்குள் பலகையும் பஞ்சும் வைத்து, ஒரு ஆள் உட்கார்ந்து வாசிக்கிற அளவுக்கு ஒரு பெட்டி கட்டியிருந்தோம். ஒருவர் உள்ளே போய் வாசிப்போம். மற்றவர் வெளியே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதிவு செய்வோம். ஒன்பது வருடமும் இப்படித்தான்.

மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் பாட்டு ஒன்றை அவன் ஒரு கம்பெனிக்கு அனுப்பினான். இசை என்ற இடத்தில் அவன் பேர் மட்டும். கேட்டால், அவசரத்தில் விட்டுப்போச்சு என்றான். ஒன்பது வருடம் விட்டுப்போகாத பேர் அன்றைக்கு மட்டும் எப்படி விட்டுப்போகும்? வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னேன். அவனும் சொன்னான். அதோடு அவன் நம்பரை பிளாக் செய்தேன்.

பிறகு எனக்கு ஒரு வெறி பிடித்தது. அந்தப் பாட்டிலிருந்து அவனை வழித்து எடுத்துவிட வேண்டும். அவன் கிட்டாரை அழித்துவிட்டு, அதே பகுதியை நானே வாசித்து, என் பேரை மட்டும் போட்டு வெளியிட வேண்டும். நாள் குறித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பாட்டு வெளியே போக வேண்டும். வேலைக்கு லீவு போட்டேன். வீட்டில் யாரும் இல்லை. கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

1:18-க்கு போன் வந்தது. தாடியின் அக்கா. வெளியூரில் இருக்கிறவர். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து தம்பி போனை எடுக்கவில்லையாம். எத்தனை தடவை அடித்தாலும் மணி போகிறதாம்.

"தம்பி, உங்கிட்டதான் அவன் வீட்டுச் சாவி இருக்கு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடேன்."

அந்தக் குரலில் பயம் இருந்தது. எனக்குக் கேட்டது. கேட்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் என் கோபத்துக்கு அதுவும் ஒரு நடிப்பாகத்தான் பட்டது. அக்காவைப் பேச விட்டு என்னை வரவழைக்கிறான் என்று நினைத்தேன்.

"நான் என்ன அவனுக்கு வாட்ச்மேனாக்கா? எங்கயாவது போய்த் தூங்கிட்டிருப்பான். என்னை இதுல இழுக்காதீங்க."

சரிப்பா என்று வைத்துவிட்டார். அவர் ஊரிலிருந்து இங்கே வர பஸ்ஸில் ஏழு மணி நேரம் ஆகும்.

வேலையைத் தொடங்கினேன். தாடி வாசித்த ட்ராக்கை அழித்தேன். அழிக்கும்போது ஒரு சந்தோஷம் இருந்தது, அதையும் மறைக்கவில்லை. கிட்டாரிலிருந்து ஒரு வயர், அந்த வயர் போய்ச் சேர ஒரு சின்ன இன்டர்ஃபேஸ் பெட்டி, பெட்டியிலிருந்து கம்ப்யூட்டர். அவ்வளவுதான் என் ஏற்பாடு. அறையில் மைக் கிடையாது. நான் தும்மினாலும் பதிவாகாது. கம்பியின் அதிர்வு மட்டும்தான் உள்ளே போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2:05. முதல் டேக், அதாவது முதல் முறைப் பதிவு. தப்பில்லாமல் வாசித்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டு போட்டுக் கேட்டேன்.

முதல் சுரத்துக்கு முன்னால்... டொக், டொக்.

விரல் முட்டியால் மரத்தில் இரண்டு தட்டு. அது தாடியின் பழக்கம். வாசிக்கத் தொடங்கும் முன் கிட்டாரின் மேல் இரண்டு தட்டுத் தட்டுவான். நான் தட்டுவதில்லை. அன்றைக்கும் தட்டவில்லை.

வயரில் ஏதோ கோளாறு என்று வேறு வயர் மாட்டினேன்.

2:14. இரண்டாவது டேக். டொக், டொக்.

இந்த முறை அது மட்டும் இல்லை. இரண்டாவது சரணத்துக்குப் போகும் இடத்தில் தாடி எப்போதும் ஒரு மயிரிழை முந்துவான். எத்தனை சண்டை போட்டாலும் திருந்தமாட்டான். நான் காதில் தாளம் காட்டும் கிளிக் சத்தத்தை வைத்துக்கொண்டு, அதன் மேலேயே வாசித்திருந்தேன். பதிவில் அந்த இடம் முந்தியது.

2:23. மூன்றாவது டேக். முந்தியது.

2:31. நாலாவது. முந்தியது. இந்தத் தடவை டொக், டொக் இரண்டு முறை வந்தது.

பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. பழைய பாட்டு இருந்த ஃபோல்டர் இன்டர்நெட் வழியாக இருவருக்கும் பொது. அவன் தன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, என் டேக்கை எடுத்துவிட்டுத் தன் பழைய டேக்கை உள்ளே தள்ளுகிறான். அங்கே ஒளிந்துகொண்டு அக்காவை விட்டுப் போன் பண்ணச் சொல்கிறான். இன்டர்நெட் வயரைப் பிடுங்கி எறிந்தேன்.

2:40. ஐந்தாவது டேக். டொக், டொக்.

என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை விரல் நுனிகள் சிவந்து வலித்தன. வாசித்தது நான்தான். பதிவில் இருந்தது அவன்.

இதை நிரூபிக்க எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. இரண்டு பதிவுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, ஒன்றின் அலையை மட்டும் தலைகீழாகப் புரட்டிவிட வேண்டும். இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிற சத்தம் முழுவதும் கழிந்து போகும். வித்தியாசம் மட்டும் மிஞ்சும். ஒரே ஆள் ஒரே பாட்டை இரண்டு முறை வாசித்தால்கூட முழுதாகக் கழியாது. முழுதாகக் கழிந்தால் அது நகல். திருட்டைப் பிடித்துவிடலாம்.

தாடியின் பழைய டேக் ஒன்று பென்டிரைவில் இருந்தது. அதை எடுத்துப் போட்டேன். என் ஐந்தாவது டேக்கை அதன் மேல் வைத்துப் புரட்டினேன். ஹெட்போனை மாட்டினேன். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்கப் போகிறேன் என்று சிரித்துக்கொண்டே பட்டனைத் தட்டினேன். மணி 3:16.

கிட்டார் காணாமல் போனது.

முழுதாக. ஒரு சுரம் மிச்சமில்லை.

நகல்தான், மாட்டினான் என்று நினைத்தேன். ஆனால் அமைதியாக இல்லை. ஏதோ மிஞ்சியிருந்தது. சத்தத்தைக் கூட்டினேன்.

மூச்சு.

யாரோ வாயால் மூச்சு வாங்கும் சத்தம். ஓடி வந்தவன் வாங்குவது போல.

டொக், டொக்.

இப்போது அது மரத்தில் விழும் தட்டு இல்லை. தகரம்.

டொக், டொக்.

இன்னும் கூட்டினேன்...

"டேய்..."

தாடியின் குரல். காய்ந்து போயிருந்தது.

"டேய்... கதவைத் திறடா..."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தேன். என் வீட்டுக் கதவைப் பார்த்தேன். வெளியே நிற்கிறானா? 3:18-க்குப் போய்க் கதவைத் திறந்தேன்.

யாரும் இல்லை.

வராந்தா காலி. படிக்கட்டு காலி. எதிர்வீட்டுப் பூட்டு தொங்கியது.

கதவைச் சாத்தித் தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். அந்தப் பயம்தான் என் கோபத்தை இரண்டு மடங்காக்கியது. மூன்று வாரமாகத் திட்டம் போட்டு இதைச் செய்து வைத்திருக்கிறான், என்னை நடுங்க வைத்து வேடிக்கை பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். கம்ப்யூட்டரைப் பார்த்து, அவன் முன்னால் நிற்பது போலவே கத்தினேன். திறக்க மாட்டேன்டா, செத்துத் தொலை என்று கத்தினேன். ஆமாம், அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.

3:25. ஐந்து டேக்கையும் அழித்தேன். அவன் பழைய டேக்கையும் அழித்தேன். கம்ப்யூட்டரை அணைத்தேன்.

கூடத்தில் வந்து உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. 4:50-க்கு மறுபடி அறைக்குப் போனேன். ஆறு மணிக்குப் பாட்டு போயே ஆக வேண்டும் என்ற பிடிவாதம்.

இன்டர்ஃபேஸ் பெட்டியில் ஒரு பச்சை விளக்கு உண்டு. கிட்டாரிலிருந்து சத்தம் வந்தால் மட்டும் அது எரியும்.

எரிந்தது.

இரண்டு முறை. நின்றது. மறுபடி இரண்டு முறை.

கம்ப்யூட்டர் அணைந்திருந்தது. கிட்டார் வயரைப் பெட்டியிலிருந்து உருவினேன். வயர் என் கையில் இருந்தது.

இரண்டு முறை...

இரண்டு முறை...

சத்தமே இல்லை. விளக்கு மட்டும். அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றேன். பிளக்கைப் பிடுங்கக்கூட அந்தப் பெட்டியின் பக்கம் போகத் தைரியம் இல்லை.

5:10. இடைவெளி கூடியது.

5:22. இரண்டு, ஒன்றானது.

5:28. ஒன்று. மங்கலாக.

5:31...

நின்றது.

அது நின்றதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது.

ராத்திரி 9:10-க்குத் தாடி வீட்டிலிருந்து அக்கா போன் செய்தார். அழவில்லை. வா என்று மட்டும் சொன்னார்.

நான் போனபோது பூட்டை உடைத்திருந்தார்கள். பின்னறையில் ஆட்கள் நின்றார்கள். நாங்கள் கட்டிய அந்தப் பெட்டியின் கதவு திறந்திருந்தது. அது பழைய சாமான் கடையில் வாங்கிய குளிர்பதனக் கிடங்குக் கதவு. சாத்தினால் ரப்பர் கவ்விக்கொள்ளும், உள்ளே என்ன கத்தினாலும் வெளியே வராது, காற்றும் இடுக்கு வழியாகக் கசிந்துதான் வரும். உள்பக்கத்துக் கைப்பிடி, தடித்த கம்பியை மீட்டும்போதெல்லாம் கடகடவென்று அதிர்ந்து பதிவைக் கெடுத்தது. அதைக் கழற்றி எறிந்தது நான். வெளியேதான் எப்போதும் ஒருவர் இருக்கிறோமே என்று சொல்லித்தான் கழற்றினேன். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க அவன் அண்டக் கொடுத்திருந்த ஸ்டூல் வழுக்கிப் போய்க் கிடந்தது. போன், வெளியே கம்ப்யூட்டர் மேஜையில். போன் பக்கத்தில் இருந்தால் கிட்டாரில் இரைச்சல் வரும் என்பதால் நாங்கள் அதை உள்ளே எடுத்துப் போவதே இல்லை. அக்கா அழைத்த அழைப்புகள் நாற்பத்து மூன்று.

அவன் கம்ப்யூட்டர் அணையவில்லை. முதல் நாள் மாலை 6:52-க்கு அவன் தட்டிவிட்ட பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்த மைக் எல்லாவற்றையும் எடுத்திருந்தது. நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அக்காதான் நாலு நாள் உட்கார்ந்து முழுதும் கேட்டார். மறுநாள் மதியம் 2:05-க்கு அவன் கிட்டாரை எடுத்து அந்தப் பாட்டை வாசிக்கத் தொடங்கினானாம். ஐந்து தடவை. அப்புறம் கிட்டாரை வைத்துவிட்டுக் கதவைத் தட்டினானாம். என் பதிவுக்குள் அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், மனப்பிரமை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உன் வீட்லேருந்து நடந்தா எவ்வளவு நேரம்?"

"நாலு நிமிஷம்க்கா."

நான் கேட்டது அவன் ஆவியைத்தான் என்று ஊரில் மற்றவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். அதைக் கேட்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஆவியாக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன். டாக்டர் எழுதிக் கொடுத்த காகிதத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். உயிர் போன நேரம், மாலை ஐந்தரை.

கதவைத் திறடா என்று நான் கேட்டது, 3:16-க்கு.