மல்லாட்டை எண்ணெய் பூசின கார்

காரைச் சுத்தி அடியில ஓடற கறுப்பு பிளாஸ்டிக் பட்டை சாம்பலா வெளுத்துப்போச்சு, என்ன பண்ணலாம்னு நேத்து இந்த குரூப்லதான் கேட்டேன். "எண்ணெய் தடவுங்க சகோ"ன்னு அத்தனை பேரும் சொன்னீங்க.

வீட்டுல இருந்தது மல்லாட்டை எண்ணெய், அதான் கடலை எண்ணெய். காலையில தடவுனேன். சும்மா சொல்லக்கூடாது, புது வண்டியாட்டம் மின்னுச்சு.

திண்டிவனத்துல இருந்து விழுப்புரத்துக்கு ஓட்டிக்கினு போனேன். புரோக்கர் சொல்லி, கோட்டக்குப்பத்து பாய் ஒருத்தர் வண்டியைப் பாக்க அங்க வந்திருந்தாரு. இது வித்தாதான் பொண்ணை காலேஜ்ல சேக்க முடியும்.

இறங்கிப் பாத்தா, பைபாஸ் புழுதி மொத்தமும் எண்ணெயில ஒட்டிக்கினு, வண்டியைச் சுத்தி ஒரே செம்மண் கோடு.

பாய் குனிஞ்சு பாத்தாரு. "சென்னை வெள்ளத்துல நின்ன வண்டிங்களா இது?"

"ஐயோ, இல்ல பாய். மல்லாட்டை எண்ணெய் தடவுனேன், அதுல ஒட்டுன புழுதி."

"காருக்கு யாராவது மல்லாட்டை எண்ணெய் தடவுவாங்களா சார்? பொய் சொன்னாலும் நம்பறாப்புல சொல்லுங்க."

போயிட்டாரு.

வீட்டுக்கு வந்து சோப்பு போட்டுத் தேச்சேன். புழுதி போச்சு, பட்டை பழையபடி சாம்பல்.

இப்பதான் புரோக்கர் போன் பண்ணாரு. பாய் சொல்லிட்டாராம், நாளைக்கு வண்டியைப் பாக்க வர்றதா இருந்த அனந்தபுரத்துக்காரரும் வரலையாம். "வெள்ளத்து வண்டின்னு எங்கிட்டயே மறைச்சிட்டீங்களே சார்"னு கோச்சிக்கறாரு.

பிளாஸ்டிக்குக்கு எண்ணெய் சொன்னீங்க. இந்தக் கெட்ட பேருக்கு எதைத் தடவறதுன்னும் சொல்லிடுங்க சகோ.